தட்டுக்கு இடும் கட்டளை

கச்சேரியொன்றிலோ, வங்கியொன்றிலோ, பாடசாலைக் காரியாலயமொன்றிலோ லிகிதர் ஒருவர் கணினியின் முன் அமர்ந்து, தாம் தட்டெழுதிய கடிதத்தைச் சேமிக்குமாறு பணிக்கிறார். கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அந்த இமைப்பொழுதில் இரு பொறிகளுக்கிடையே ஓர் உரையாடல் நிகழ்கிறது. கணிக்கும் பொறி ஏவுகிறது. காக்கும் பொறி கேட்டு நடந்து, "முடிந்தது" என விடையிறுக்கிறது. காக்கும் பொறிக்கு வன்தட்டு என்று பெயர். இவ்விரண்டும் பேசிக்கொள்ளும் மொழி எவ்வாறு தோன்றியது, எவ்வாறு மாறியது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இது பொறியியலாளருக்கு மட்டும் உரிய விடயமன்று. ஏவுபவர் எவ்வளவு தெரிந்திருத்தல் வேண்டும், ஏவப்படுபவர் எவ்வளவு தெரிந்திருத்தல் வேண்டும், "முடிந்தது" என்ற விடையை எந்த அளவுக்கு நம்பலாம் ஆகிய மூன்று வினாக்கள் இவ்வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகின்றன. நமது வங்கிக் கணக்கும் பரீட்சைப் பெறுபேறும் மருத்துவக் குறிப்பும் இன்று பெரும்பாலும் கணினியின் காவலிலேயே இருக்கின்றன. ஆதலால் அவ்வினாக்கள் நம் எல்லோரையும் சார்ந்தவை.

முதலில் வன்தட்டு எத்தகையது என்பதைப் பார்ப்போம். காந்தப் பூச்சுள்ள வட்டமான தகடுகள் சில ஓர் அச்சிற் கோக்கப்பட்டு விரைந்து சுழல்கின்றன. தகட்டின் பரப்பை ஒட்டினாற்போல, ஆயினும் அதனைத் தொடாமல், ஒரு கையின் நுனியில் 'தலை' எனப்படும் மிகச் சிறிய உறுப்பு நிற்கிறது. தகட்டில் எழுதுவது இதுவே. எழுதியதைத் திரும்ப வாசிப்பதும் இதுவே. கிராமபோன் இசைத்தட்டைக் கண்டவர்களுக்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது. ஆனால் இசைத்தட்டிலுள்ளது வெளியிலிருந்து உள்நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே கோடு. வன்தட்டிலோ ஒரே மையத்தையுடைய வட்டங்கள் பல உள்ளன. அவற்றைத் தடங்கள் என்பர். ஒவ்வொரு தடமும் பல துண்டுகளாக வகுக்கப்பட்டிருக்கும். கேத்திரகணிதத்தில் ஆரைச்சிறை என்று நாம் படித்த உருவை நினைவுகூர்ந்தால் அத்துண்டை விளங்கிக்கொள்ளுதல் எளிது. ஆகவே ஒரு செய்தியைத் தேடியெடுப்பதற்கு எந்தத் தகடு, எந்தத் தடம், எந்தத் துண்டு என்பன தெரிய வேண்டும். தட்டுக்கு இடும் கட்டளையின் வரலாறு இந்த முகவரியிலிருந்தே தொடங்குகிறது.

முதல் வன்தட்டை ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு முன்னாள் ஆசிரியர். இதனைச் சொல்லாது விட எனக்கு மனம் வரவில்லை. ரெனோல்ட் ஜோன்சன் என்பார் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பித்தவர். மாணவர் பென்சிலால் அடையாளமிட்ட விடைத்தாள்களுக்குத் தானே புள்ளியிடும் பொறியொன்றை அவர் அமைத்தார். பென்சிற் கரி மின்னைக் கடத்தும் என்ற உண்மையே அப்பொறிக்கு அடிப்படை. 1934 ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் அவரைத் தன் பணியிற் சேர்த்துக்கொண்டது. 1952 இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் புதிய ஆய்வுகூடமொன்றை நிறுவும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்காலத்தில் வணிகக் கணக்குகள் துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் இருந்தன. நாடாவின் நடுவே கிடக்கும் ஒரு பதிவைப் பார்ப்பதற்கு முன்னுள்ள அனைத்தையும் கடந்து செல்ல வேண்டும். வேண்டிய பதிவை வேண்டிய கணத்தில் எடுக்க வேண்டும் என்பதே சான் ஹோசே குழுவினரின் நோக்கம். அம்முயற்சியின் பயனாக 1956 செப்டெம்பரில் ஐ.பி.எம். 305 ராமக் என்ற கணினித் தொகுதி வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் தட்டுப் பேழையில் 24 அங்குல விட்டமுடைய 50 தகடுகள் நிமிடத்துக்கு 1,200 தடவை சுழன்றன. பேழையின் நிறை ஒரு தொன்னுக்கு மேல். அது காத்த எழுத்துகள் 50 இலட்சம். தொகுதியின் மாத வாடகை 3,200 டொலர்.

ராமக் தட்டின் முகவரி ஐந்து இலக்கங்களைக் கொண்டது. முதல் இரண்டு இலக்கங்கள் தகட்டையும், அடுத்த இரண்டு தடத்தையும், இறுதி இலக்கம் துண்டையும் குறித்தன. 31754 என்றால் 31 ஆம் தகட்டில், 75 ஆம் தடத்தில், 4 ஆம் துண்டு. இந்த எண்ணைப் பெற்றதும் கை முன்னிருந்த தகட்டை விட்டு முழுவதும் வெளியே வந்து, மேலோ கீழோ நகர்ந்து, 31 ஆம் தகட்டின் மட்டத்தில் நின்று, உள்ளே நுழைந்து, 75 ஆம் தடத்தைச் சென்றடையும். சராசரியாக ஒரு செக்கனின் பத்தில் ஆறு பங்கு இதற்குச் செலவாயிற்று. இன்று அது நீண்ட நேரமாகத் தோன்றலாம். நாடாவைச் சுற்றிப் பழகியவர்களுக்கு அது பெரு விந்தையாக இருந்தது. இம்முதற் கட்டத்தில் கட்டளையின் ஒவ்வோர் இலக்கமும் பொறியின் ஓர் அசைவாகவே இருந்தது என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

1961 இல் ஐ.பி.எம். 1301 என்ற தட்டு அறிவிக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு பரப்புக்கும் தனித்தனித் தலை இருந்தது. தலைகள் யாவும் சீப்பின் பற்கள்போல் ஒன்றாக நகர்ந்தன. சீப்பு ஓரிடத்தில் நிற்கும்போது எல்லாப் பரப்புகளிலும் ஒரே தூரத்திலுள்ள தடங்கள் ஒருசேர எட்டும் நிலையில் இருக்கும். மேலிருந்து கீழாக அடுக்கிப் பார்த்தால் அத்தடங்கள் ஓர் உருளையின் வடிவை ஒக்கும். ஆதலால் 'உருளை' என்ற சொல் தட்டின் மொழியிற் புகுந்தது. உருளை இலக்கம், தலை இலக்கம், துண்டு இலக்கம் என்ற மும்மை முகவரி இவ்வாறு உருவானது. இம்மும்மை பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணினியுலகை ஆண்டது. இறுதியில் அதற்கு இடர் விளைத்ததும் இதுவே.

அடுத்த பெரும் படி 1964 ஏப்பிரல் 7 ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். சிஸ்டம் 360 கணினிக் குடும்பத்தில் தெளிவாகக் காணப்பட்டது. கணிக்கும் உறுப்பு மிகவும் விரைந்தது. தட்டோ கை நீட்டி, தகடு சுழன்று வரும்வரை காத்திருந்து வேலை செய்வது. விரைந்தவனை மெல்லச் செல்பவனுக்காகக் காக்கவைத்தல் வீண் செலவு. ஆகவே 'சனல்' எனப்பட்ட துணைப் பொறியொன்று இடையில் நின்றது. இம்முறை 1950 களின் பிற்பகுதியிலேயே தொடங்கியிருந்தாலும் 360 குடும்பத்தில் அது ஒழுங்கான அமைப்பாக வளர்ந்தது.

அங்கே கட்டளைகள் ஒரு நிரலாக எழுதப்பட்டன. ஒவ்வொரு கட்டளையும் எட்டுப் பைற்று நீளமுடையது. பைற்று என்பது ஓரெழுத்தைக் கொள்ளும் அளவு. செய்ய வேண்டிய செயலின் குறி, கணினியின் நினைவகத்தில் தரவு இருக்கும் இடம், எத்தனை பைற்றுகள் என்ற தொகை, அடுத்த கட்டளை தொடருமா என்ற குறிப்பு ஆகியவை அதில் அடங்கும். "இன்ன உருளைக்குச் செல், இன்ன பதிவு தலையின் கீழ் வருகிறதா என ஒப்பிடு, வரவில்லையாயின் மீண்டும் ஒப்பிடு, வந்ததும் வாசி" என்பதே அந்நிரலின் சாரம். கணிக்கும் உறுப்பு "தொடங்கு" என்ற ஒரு சொல்லை மட்டும் சனலுக்குச் சொல்லிவிட்டுத் தன் வேறு பணிகளைக் கவனிக்கும். வேலை முடிந்ததும் சனல் குறுக்கீட்டுச் சைகை ஒன்றை அனுப்பித் தெரியப்படுத்தும். அதிபர் எழுத்தில் தந்த பணிநிரலைக் கொண்டு உப அதிபர் வேலையை முடித்து வந்து அறிக்கை தருவதை இதற்கு ஒப்பிடலாம்.

இவ்வொழுங்கிலும் ஒரு குறை இருந்தது. வேண்டிய பதிவு சுழன்று வரும்வரை சனல் இடைவிடாது ஒப்பிட்டுக்கொண்டே இருந்தமையால் அந்நேரத்தில் பிற தட்டுகளுக்கு அது உதவவில்லை. 1970 இல் அறிவிக்கப்பட்ட 3330 என்ற தட்டில் இதற்குப் பரிகாரம் காணப்பட்டது. தகடு எவ்வளவு சுழன்றிருக்கிறது என்பதைத் தட்டே அறிந்து, வேண்டிய இடம் நெருங்கியவுடன் சனலை அழைத்தது. தன் நிலையைத் தானே அறியும் ஆற்றலை ஏவற்பொறி பெற்றது. அறிவு மேலிடத்திலிருந்து கீழிடத்துக்கு நகரத் தொடங்கியது என இதனைச் சொல்லலாம்.

இதுவரை கூறியவை பெரு நிறுவனங்களின் அறைகளில் நின்ற பெருங் கணினிகளைப் பற்றியவை. மேசைமீது வைக்கத்தக்க சிறு கணினிகள் தோன்றியபோது, சனல் போன்ற விலையுயர்ந்த துணைப்பொறிகளுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. அதனாற் கட்டளை மொழி சில காலம் பின்னோக்கிச் சென்றது. ஐ.பி.எம். இல் ராமக் பணியில் ஈடுபட்டிருந்த அலன் ஷுகார்ட் 1979 இல் ஏனையோருடன் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் பின்னர் சீகேற் எனப் பெயர் பெற்றது. அந்நிறுவனம் 1980 இல் ஐந்தேகால் அங்குலத் தகடுகளைக் கொண்ட எஸ்.ரி. 506 என்ற தட்டை வெளியிட்டது. அதன் கொள்ளளவு 50 இலட்சம் பைற்று. ஒரு தொன் நிறையுடன் ராமக் பேழை செய்த வேலையை, இரு கைகளில் ஏந்தத்தக்க ஒரு பெட்டி செய்தது.

எனினும் அந்தப் பெட்டி மிகக் குறைந்த அறிவுடையது. "153 உருளைகளில் 75 ஆவதற்குச் செல்" என்று அதனிடம் சொல்ல இயலாது. திசையைக் காட்டும் கம்பியொன்றில் உள்ளேயா வெளியேயா என்று குறித்து, அடியெடுத்து வைக்கும் கம்பியொன்றில் துடிப்புகளை ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும். துடிப்புக்கு ஓரடி. எத்தனை அடி வைத்தோம் என்ற கணக்கைக் கட்டுப்பாட்டு அட்டை என்ற வேறோர் உறுப்பே வைத்திருக்க வேண்டும். பூச்சிய உருளையை அடைந்துவிட்டேன் என்பதை மட்டும் தட்டு தெரிவிக்கும். தலை வாசித்த காந்த அலைகளை எழுத்துகளாகப் பிரித்தறிவதும் அட்டையின் வேலையே. இதனால் ஒரு வகை அட்டையைக் கொண்டு எழுதிய தட்டை வேறு வகை அட்டையுடன் இணைத்தால் பெரும்பாலும் வாசிக்க முடியாது போயிற்று. தட்டிலுள்ள உருளைகள் எத்தனை, தலைகள் எத்தனை என்பதையும் கணினியை வைத்திருப்போரே அறிந்து குறிக்க நேர்ந்தது. 1983 இல் வந்த ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.ரி. என்ற கணினியும் இவ்வகையைச் சேர்ந்த தட்டுடனேயே வந்தது.

இதே காலத்தில் மற்றொரு வழியும் பிறந்தது. அலன் ஷுகார்ட் 1973 இல் தொடங்கி மறு ஆண்டே நீங்கிய ஷுகார்ட் அசோசியேற்ஸ் என்ற பழைய நிறுவனத்தில், 1979 அளவில் ஒரு புதிய இணைப்பு முறை வகுக்கப்பட்டது. அது வளர்ந்து 1986 இல் ஸ்கசி என்ற பெயருடன் அமெரிக்கத் தேசிய நியமமாயிற்று. இம்முறையில் ஒரு சிறு கட்டளை ஆறே பைற்று. முதற் பைற்று செயலைக் குறிக்கும். வாசிப்பதாயின் 8, எழுதுவதாயின் 10. அடுத்த மூன்று பைற்றுகளில் வேண்டிய கட்டத்தின் இலக்கம், ஐந்தாவதில் எத்தனை கட்டங்கள் என்ற தொகை, ஆறாவதில் சில குறிப்புகள்.

இங்கே உருளையும் தலையும் துண்டும் மறைந்துவிட்டதைக் கவனியுங்கள். தட்டு முழுவதும் பூச்சியம், ஒன்று, இரண்டு என இலக்கமிட்ட கட்டங்களின் நீண்ட வரிசையாகவே கணினிக்குத் தோன்றும். 40,000 ஆவது கட்டம் எந்தப் பரப்பில் எந்தத் தடத்தில் உள்ளது என்பது தட்டின் சொந்த விடயம். எது வேண்டும் என்று சொல்வதே ஏவுவோன் கடமை. எவ்வாறு எடுப்பது என்பது ஏவப்படுவோன் பொறுப்பு. வேலை முடிந்ததும் தட்டு தன் நிலையை ஒரு பைற்றிற் கூறும். தவறு நேர்ந்திருப்பின், நேர்ந்தது யாது என்று 3 ஆம் இலக்கக் கட்டளையாற் கேட்டறியலாம். ஆறு பைற்றுக் கட்டளையின் முகவரி ஏறத்தாழ 107 கோடி பைற்றுகளுக்கு அப்பாற் செல்லாது என்பதனால் பத்துப் பைற்றுக் கட்டளைகளும் வகுக்கப்பட்டன.

ஆயினும் உலகில் மிகுதியாகப் பரவியது இந்த நேர்த்தியான முறையன்று. 1984 இல் ஐ.பி.எம். பி.சி. ஏ.ரி. என்ற கணினியை வெளியிட்டது. அதன் தட்டுக் கட்டுப்பாட்டு அட்டையைச் செய்தது வெஸ்டேர்ன் டிஜிற்றல் நிறுவனம். அவ்வட்டையில் எட்டுச் சிற்றறைகள் இருந்தன. தபாற்கந்தோரில் கடிதங்களைப் பிரித்து வைக்கும் அறைகளைப் போன்றவை அவை. கணினி அவற்றில் எத்தனை துண்டுகள், துண்டின் இலக்கம், உருளை இலக்கத்தின் இரு பாதிகள், எந்தத் தட்டு, எந்தத் தலை என்பவற்றை ஒவ்வொன்றாக இட்டு, இறுதியாகக் கட்டளை அறையில் 32 என்ற எண்ணை இடும். 32 என்றால் வாசி. 48 என்றால் எழுது. உடனே தட்டு "வேலையாயிருக்கிறேன்" என்ற குறியை உயர்த்தும். துண்டு கிடைத்ததும் அக்குறியைத் தாழ்த்தி, "தரவு ஆயத்தம்" என்ற குறியை உயர்த்தி, குறுக்கீட்டுச் சைகையை அனுப்பும். கணினி தரவு அறையிலிருந்து ஒரு தடவைக்கு இரு பைற்றுகளாக 256 தடவை எடுத்து, 512 பைற்றுகொண்ட அத்துண்டை நிறைவு செய்யும்.

பின்னர் அந்த அட்டையின் அறிவு தட்டின் உடலுக்கே மாற்றப்பட்டது. இவ்வாறமைந்த தட்டுகள் 1986 இல் கொம்பாக் கணினிகளில் இடம்பெற்றன. அட்டைக்கும் தட்டுக்கும் இடையே நிகழ்ந்த பிணக்குகள் இதனால் ஒழிந்தன. தன் பெயர், தொடரிலக்கம், கொள்ளளவு ஆகியவற்றைத் தானே கூறுமாறு தட்டைப் பணிக்கும் கட்டளையும் ஏற்பட்டது. அதன் இலக்கம் 236. பழைய நிரல்கள் தொடர்ந்து இயங்க வேண்டுமென்பதற்காக அந்த எட்டுச் சிற்றறைகள் மட்டும் மாற்றமின்றி விடப்பட்டன. 1994 இல் இம்மொழி ஏ.ரி.ஏ. என்ற பெயருடன் நியமமாயிற்று.

பழைமையைப் பேணியதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. தகட்டின் வெளிவட்டங்கள் நீளமானவை, உள்வட்டங்கள் குறுகியவை. ஆதலின் வெளித்தடங்களில் கூடுதலான துண்டுகளை அமைக்கும் முறை வந்தது. தடத்துக்கு இத்தனை துண்டு என்ற ஒரே கணக்கு அதன்பின் பொருளற்றதாயிற்று. எனினும் கணினி கேட்பது பழைய மும்மையையே. ஆகவே இரண்டு மூன்று தகடுகளே உடைய தட்டுகளும் தமக்கு 16 தலைகள் இருப்பதாகவும், தடத்துக்கு 63 துண்டுகள் இருப்பதாகவும் கூறலாயின. இல்லாத உருவொன்றைச் சொல்லிக் கேட்பவரைத் திருப்திப்படுத்தும் கற்பனைக் கணக்காக முகவரி மாறிற்று.

அத்துடன் எல்லைச் சிக்கலும் எழுந்தது. கணினியின் அடிப்படை நிரலாகிய பயோஸ் 1,024 உருளைகளையும் 256 தலைகளையும் 63 துண்டுகளையும் ஏற்கும். தட்டின் சிற்றறைகள் 65,536 உருளைகளையும் 16 தலைகளையும் 255 துண்டுகளையும் ஏற்கும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் தாராளமானவை. ஆனால் இரண்டுக்கும் பொதுவாக அமையக்கூடியவை 1,024 உருளைகளும் 16 தலைகளும் 63 துண்டுகளுமே. இவற்றைப் பெருக்கி, துண்டுக்கு 512 பைற்று எனக் கொண்டால் 528,482,304 பைற்று வரும். ஏறத்தாழ 53 கோடி. 1990 களில் இதனினும் பெரிய தட்டுகள் விற்பனைக்கு வந்தபோது பல கணினிகளால் எஞ்சிய பகுதியைக் காண இயலவில்லை. இரு காரியாலயங்கள் தனித்தனியே அச்சிட்ட இரு படிவங்களில், ஒன்றில் பெயருக்கு இடம் போதாது, மற்றொன்றில் விலாசத்துக்கு இடம் போதாது என்றால், இரண்டையும் நிரப்ப வேண்டியவர் படும் பாட்டை இது நினைவூட்டும்.

பரிகாரம் ஸ்கசி முன்பே காட்டிய வழியே. மும்மையை விட்டுக் கட்ட இலக்கத்தைக் கூறும் முறையை ஏ.ரி.ஏ. தட்டுகளும் ஏற்றன. அதற்கு 28 துவித இலக்கங்கள் ஒதுக்கப்பட்டன. அதன் எல்லை ஏறத்தாழ 13,700 கோடி பைற்று. சில ஆண்டுகளில் அவ்வெல்லையும் எட்டப்பட்டது. 2002 இல் நியமமான மாற்றத்தின்படி முகவரி 48 துவித இலக்கங்களாக நீட்டப்பட்டது. நீட்டிய விதம் ஆராயத்தக்கது. புதிய சிற்றறைகளைச் சேர்க்கவில்லை. பழைய அறைகளிலேயே இரண்டு தடவை எழுதச் செய்தனர். முதலில் எழுதியதை முகவரியின் மேற்பகுதியாகவும், பின்னர் எழுதியதைக் கீழ்ப்பகுதியாகவும் தட்டு எடுத்துக்கொள்ளும். 1984 இல் வெட்டிய எட்டு அறைகளுக்குள் புதிய நூற்றாண்டின் பேரெண்கள் இவ்வாறு அடங்கின.

2003 அளவில் சாட்டா என்ற தொடர் இணைப்பு முறை பழைய அகன்ற நாடாக் கம்பிக்குப் பதிலாக வந்தது. நாற்பது முனைகளின் இடத்தில் ஏழு முனைகள் போதுமாயின. எட்டுச் சிற்றறைகளில் இடவேண்டிய எண்களெல்லாம் 20 பைற்றுக் கடிதமொன்றில் மடிக்கப்பட்டு ஒரே தடவையில் அனுப்பப்பட்டன. 32 கட்டளைகள் வரை ஒருசேரத் தட்டிடம் ஒப்படைக்கும் முறையும் நடைமுறைக்கு வந்தது. அவற்றை வந்த வரிசையில் தட்டு நிறைவேற்றுவதில்லை. தலை நிற்கும் இடத்தையும் தகடு சுழலும் நிலையையும் பார்த்து, எதை முதலிற் செய்தால் அலைச்சல் குறையுமோ அதை முதலிற் செய்கிறது. அனுபவமுள்ள தபாற்காரர் கடிதங்களை வீதி வரிசைப்படி அடுக்கிக்கொண்டு புறப்படுவதும் இக்காரணத்தாலேயே. ராமக் காலத்தில் ஒவ்வோர் அசைவும் ஏவி நடந்த கை, இப்போது வேலையின் ஒழுங்கையே தானே தீர்மானிக்கிறது.

இனி, தொடக்கத்திற் கூறிய மூன்றாவது வினாவுக்கு வருகிறேன். "முடிந்தது" என்று தட்டு சொன்னால் அதன் பொருள் யாது? இன்றைய தட்டின் உள்ளே விரைந்த சிறு நினைவகமொன்று இருக்கிறது. கணினி தரும் செய்தியைத் தட்டு முதலில் அங்கே வாங்கிக்கொண்டு, தகட்டில் எழுதுமுன்னரே "முடிந்தது" எனச் சொல்லுதல் பொதுவான வழக்கம். வேகத்தின் பொருட்டு இவ்வாறு செய்யப்படுகிறது. அந்தச் சிறு நினைவகம் மின் இருக்கும்வரையே செய்தியை வைத்திருக்கும். "பெற்றுக்கொண்டேன்" என்பதற்கும் "தகட்டில் எழுதிவிட்டேன்" என்பதற்கும் இடையிலுள்ள கணத்தில் மின் நின்றால் செய்தி மறைந்துவிடும். கணினியோ அது பத்திரமாக உள்ளதென்றே எண்ணியிருக்கும்.

நம் நாட்டில் 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். நேரம் அறிவித்து நிறுத்தும் மின்வெட்டுக்கு முன் கணினியை ஒழுங்காக மூடிவிடலாம். திடீரென நின்றுபோகும் மின்னுக்கு அவ்வாறு செய்ய இயலாது. அத்தகைய வேளையில் காப்பது, முன்னமே அனுப்பப்பட்டிருக்கவேண்டிய ஒரு கட்டளை. ஏ.ரி.ஏ. மொழியில் அதன் இலக்கம் 231. "உன்னிடம் தங்கியுள்ள யாவற்றையும் தகட்டில் எழுதிமுடித்த பின்னரே எனக்கு விடை சொல்" என்பது அதன் பொருள். வங்கிக் கணக்குகளையும் அவைபோன்ற பதிவுகளையும் காக்கும் நிரல்கள், ஒவ்வொரு முக்கிய பதிவின் பின்னும் இவ்வாறு வற்புறுத்திக் கேட்கின்றன. அதனால் வேகம் குறையும், உறுதி கூடும். கணினியை முறைப்படி மூடும்போதும் இக்கட்டளை அனுப்பப்படுகிறது. ஆளியைச் சட்டென அணைத்தல் கூடாது என்று சொல்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

மற்றொன்றையும் கூறவேண்டும். தகட்டில் ஒரு கட்டம் பழுதடைந்தால் தட்டு தன்னிடமுள்ள மேலதிகக் கட்டமொன்றை அதற்குப் பதிலாக அமர்த்திக்கொள்கிறது. கணினி கேட்கும் இலக்கம் மாறாது. அவ்விலக்கம் குறிக்கும் இடம் மட்டும் மாறிவிடும். இது நன்மையே. ஆயினும் பழுதுகள் பெருகுவதை வெளியிலிருப்போர் உணராமலே இருந்துவிடலாம். அதன் பொருட்டே, உன் உடல்நலம் எவ்வாறுள்ளது என்று தட்டைக் கேட்கும் கட்டளை 1990 களில் சேர்க்கப்பட்டது. எத்தனை கட்டங்கள் மாற்றப்பட்டன, எத்தனை மணித்தியாலம் சுழன்றுள்ளது என்பன போன்ற விவரங்களைத் தட்டு மறைக்காமற் சொல்லும். கேட்பார் இருத்தல் வேண்டும், அவ்வளவே.

இன்று பல கணினிகளிற் சுழலும் தகடே இல்லை. அசைவற்ற மின்னியற் சேமிப்பகங்கள் வந்துவிட்டன. கையும் தலையும் இல்லாத அவற்றுக்கென்று 2011 இல் என்.வி.எம். எக்ஸ்பிரஸ் என்ற புதிய கட்டளை மொழி வெளியிடப்பட்டது. 32 கட்டளைகள் கொண்ட ஒரு வரிசைக்குப் பதிலாக, ஆயிரக்கணக்கான வரிசைகளுக்கு அது இடமளிக்கிறது. ஆயினும் பெருந்தொகையான தரவுகளைக் குறைந்த செலவிற் காக்கவேண்டிய நிலையங்களில் வன்தட்டுகள் இன்றும் சுழன்றுகொண்டிருக்கின்றன. புதிய சேமிப்பகத்திலும் கட்ட இலக்கமும், எழுதிமுடி என வற்புறுத்தும் கட்டளையும், நலம் விசாரிக்கும் கட்டளையும் நிலைத்து நிற்கின்றன. பொறி மாறினாலும் ஏவலின் அடிப்படைகள் மாறவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்கவை மூன்று. செய்யும் வழியையும் சேர்த்து ஆணையிடுபவர், பொறி மாறும்போது தம் ஆணையையும் மாற்றவேண்டியவராகிறார். வேண்டியதை மட்டும் தெளிவாகச் சொன்ன ஸ்கசி முறை தட்டுகள் எவ்வளவோ மாறிய பின்னும் பயன்பட்டது. இன்றைய தேவைக்கு மட்டும் இடம்விட்டு வகுத்த படிவம் நாளை வருபவர்களின் வழியை அடைக்கும். 53 கோடியின் எல்லையும் 13,700 கோடியின் எல்லையும் அதற்குச் சான்று. மூன்றாவது, பொறுப்பை ஒப்படைத்தவர் விசாரிக்கும் கடமையையும் சேர்த்து ஒப்படைத்துவிடலாகாது. "முடிந்தது" என்ற சொல்லை ஏற்குமுன், எது முடிந்தது என்று கேட்கவேண்டும்.

ஆகவே நேயர்களே, உங்கள் பிள்ளைகளின் படங்களோ, சங்கத்தின் கணக்கோ, பாடசாலையின் இடாப்போ கணினியில் இருக்குமாயின், அதற்கு வேறொரு தட்டில் ஒரு பிரதியும் இருக்கட்டும். அந்தப் பிரதியை இடைக்கிடை திறந்து வாசித்துப் பாருங்கள். எழுதப்பட்டதா என்பதற்கு, திரும்ப வாசிக்க முடிவதே முடிவான விடை.